தூதுவன் கழுத்துக்கு வயது மூவாயிரம்

டெல்லியில் வெளிநாட்டுத் தூதரகங்கள் வரிசையாக நிற்கும் பேட்டைக்குச் சாணக்கியபுரி என்று பெயர். அந்தத் தெருக்களில் ஓடும் கார்கள் பலவற்றுக்கு நீல நிற எண் பலகை; எண்களுக்கு நடுவே 'சிடி' என்று இரண்டெழுத்து. அந்த வண்டியில் வரும் தூதரைப் போலீசார் கைதுசெய்ய முடியாது, அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது, அவருடைய அரசாங்கப் பையைத் திறந்து பார்க்க முடியாது. செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் 'தூதரக விலக்குரிமை' பழகிய சமாசாரம்தான். ஐ.நா. சபை பிறந்த பிறகு கோட்டு சூட்டுப் போட்ட சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட சலுகை என்றுகூடத் தோன்றும். பூர்வீகத்தைத் துருவினால் வேறு ஆட்கள் எழுந்து வருகிறார்கள்: வெயிலில் வாடிய அசீரியர்கள், கிணற்றில் விழுந்த பாரசீகர்கள், தாடி இழந்த மங்கோலியர்கள், லண்டனில் கடன் பாக்கி வைத்த ஒரு ரஷ்யர்.

1887இல் எகிப்தின் அமர்னாவில் ஒரு குடியானவப் பெண் மண் தோண்டும்போது களிமண் பலகைகள் கிடைத்தன என்பார்கள். தேடத் தேட முந்நூற்றைம்பதுக்கும் மேல் சேர்ந்தன. கிமு 14ஆம் நூற்றாண்டில் பக்கத்து நாட்டு மன்னர்களும் சிற்றரசர்களும் பார்வோனுக்கு எழுதிய கடிதங்கள்தான் பெரும்பாலானவை. படித்தால் பெரும்பாலும் புகார். 'என் தூதனை ஆறு வருஷம் பிடித்து வைத்துக்கொண்டாய், கடைசியில் அனுப்பிய தங்கமோ வெள்ளி மாதிரி இருக்கிறது' என்று பாபிலோன் அரசன் குமுறுகிறான். தூதர்களை ஏன் வெயிலில் நிற்க வைத்துச் சாகடிக்கிறாய் என்று அசீரிய மன்னன் கேட்கிறான். மித்தானி அரசனுடைய கடிதம் ஒன்று மிகச் சிறியது. 'என் ஆள் அவசரமாக எகிப்துக்குப் போகிறான், வழியில் யாரும் மறிக்காதீர்கள்' என்று கானான் பகுதிச் சிற்றரசர்களுக்கு எழுதிய அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டின் பாட்டி என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் கடிதங்களில் கவனிக்க வேண்டியது, தாமதத்துக்கும் வெயிலுக்கும்தான் சண்டை. தூதன் உயிரோடு திரும்புவான் என்பதை இரு பக்கமும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது போலத்தான் பேசுகிறார்கள். போலீசும் நீதிமன்றமும் இல்லாத ராஜாக்களுக்கு நடுவே இந்த ஒப்பந்தத்தை யார் காவல் காத்தது? உன் ஆள் என் அரண்மனையில், என் ஆள் உன் அரண்மனையில். அவ்வளவுதான் காவல்.

அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை ஹெரோடோட்டஸ் சுவாரசியமாகச் சொல்லிவைத்திருக்கிறார். கிமு 491 வாக்கில் பாரசீகப் பேரரசன் டேரியஸ் கிரேக்க நகரங்களுக்குத் தூதர்களை அனுப்பி 'மண்ணும் தண்ணீரும்' கேட்டான். கொடுத்தால் அடிபணிந்ததாக அர்த்தம். ஏதென்ஸ்காரர்கள் வந்தவர்களைக் குற்றவாளிகளைத் தள்ளும் பள்ளத்தில் தள்ளினார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் கிணற்றில் தூக்கிப் போட்டு, மண்ணையும் தண்ணீரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அதன் பிறகு ஸ்பார்ட்டாவில் எந்தப் பலி கொடுத்தாலும் நல்ல சகுனம் கிடைக்கவில்லை. தூதர்களின் காவல் வீரனாகிய தால்திபியஸ் கோபித்துக்கொண்டான் என்று ஊரே நம்பியது. கடைசியில் ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகள் தாங்களே முன்வந்து, எங்கள் தலைகளை எடுத்துக்கொண்டு கணக்கை நேர் செய்யுங்கள் என்று பாரசீகத்துக்குக் கிளம்பினார்கள். அப்போது டேரியஸின் மகன் செர்க்சஸ் அரியணையில் இருந்தான். அவன் கொல்லவில்லை. 'உலகத்தார் எல்லாரும் மதிக்கிற வழக்கத்தை நீங்கள் மீறினீர்கள். அதையே நானும் செய்து உங்கள் பாவத்தைக் கழுவி விடமாட்டேன்' என்கிற தொனியில் பேசித் திருப்பி அனுப்பினான். எதிரியை அவனுடைய குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு நுட்பமான பழிவாங்கல்! கதை இன்னும் முடியவில்லை. கிமு 430இல் அந்த இருவருடைய மகன்களும் ஸ்பார்ட்டாவின் தூதர்களாகப் பாரசீகம் நோக்கிப் போனார்கள். வழியில் திரேசியாவில் பிடிபட்டு, ஏதென்ஸ்காரர்கள் கையில் கொலையுண்டார்கள். தால்திபியஸின் கோபம் அறுபது ஆண்டு காத்திருந்து தீர்ந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ்.

நம் பக்கம் திரும்பினால், சாணக்கியபுரிக்குப் பெயர் கொடுத்த சாணக்கியர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரம் தூதனை அரசனின் வாய் என்கிறது; தாழ்ந்த குலத்தவனானாலும் தூதனைக் கொல்லக் கூடாது என்கிறது. வாயில் வரும் சொல்லுக்கு வாயை அறுக்கலாமா என்பது தர்க்கம். ராமாயணத்தில் அனுமனைக் கொல்லச் சொல்லி ராவணன் கத்தும்போது விபீடணன் எழுந்து வாதாடுவதை நாம் பக்தியோடு கேட்டுப் பழகியிருக்கிறோம். வக்கீல் காதோடு கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும். வால்மீகியில் விபீடணன் கொலையைத் தடுத்துவிட்டு, கூடவே எதெல்லாம் செய்யலாம் என்று பட்டியலும் தருகிறான்: அங்கத்தைச் சிதைக்கலாம், சவுக்கால் அடிக்கலாம், மொட்டை அடிக்கலாம், சூடு போடலாம். வாலில் தீ வைத்த யோசனைக்கு இடம் கிடைத்தது இந்தச் சந்துக்குள்தான். விலக்குரிமையில் ஓட்டை தேடும் கலை விலக்குரிமையின் உடன்பிறப்பு போலும்.

வள்ளுவர் 'தூது' என்று ஓர் அதிகாரமே எழுதினார். அதில் அரசனைப் பார்த்து, தூதனைக் கொல்லாதே என்று எங்கும் சொல்லவில்லை. தூதனைப் பார்த்துத்தான் பேசுகிறார்: உனக்கே முடிவு வந்தாலும் உன் அரசனுக்கு நன்மை தருவதில் குறை வைக்காதே. போகிற இடத்தில் கழுத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதை அறிந்த மனிதரின் புத்திமதி அது. சங்க காலச் சோழ நாட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப் புறப்பட்டான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் பாட்டுப் பாடி மீட்டார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரோ அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்து, இவையெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டுப் போலவே ஊசி ஏற்றினார். தொண்டைமான் சிரித்தானா என்று தெரியாது; ஔவை பத்திரமாகத்தான் திரும்பினார்.

தூதனுக்குக் கழுத்து பத்திரம், உபசாரம் உண்டு, சுங்கம் கிடையாது என்றால் வியாபாரி சும்மா இருப்பானா? கிபி 166இல் ரோமப் பேரரசன் 'ஆன்துன்' அனுப்பிய தூதுக் குழு என்று சொல்லிக்கொண்டு சிலர் வியட்நாம் வழியாகச் சீனத்துக்குப் போனார்கள். கையில் யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு. ரோமாபுரியிலிருந்து வருகிறவனிடம் ரோமாபுரிச் சரக்கு ஒன்றுகூட இல்லையே என்று சீன அரசவைக்கே சந்தேகம் தட்டியது. வழியில் வாங்கிய சரக்கோடு பேரரசன் பெயரை விற்ற வணிகர்கள் அவர்கள் என்பதே இன்றைய அறிஞர் பலரின் கணிப்பு. சோழர்கள் சீனத்துக்கு அனுப்பிய தூதுக் குழுக்களில் அசல் எது, வியாபாரம் எது என்று பிரிக்கவே முடியாது. 1015இல் ராஜராஜன் பெயரால் ஒரு குழு போய்ச் சேர்ந்தது. 1077இல் குலோத்துங்கன் காலத்துக் குழுவில் 72 பேர்; காணிக்கை கொடுத்து, பதில் பரிசாக 81,800 சரம் செப்புக் காசு வாங்கி வந்தார்கள் என்று சீனக் குறிப்பு சொல்கிறது. மரியாதைக்குப் போனவர்கள் கொண்டுவருகிற தொகையா அது? இந்த வேஷம் அடுத்த ஐந்நூறு ஆண்டுக்கும் கலையவில்லை. 1600களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா வழியாகச் சீனம் போன பெந்தோ தே கோயிஸ் என்ற பாதிரியார், தன்னோடு ஒட்டகத்தில் வந்த வணிகர்கள் இல்லாத மன்னர்களின் பெயரில் கடிதம் தயாரித்துத் தூதர்களாக மாறியதைக் கண்ணாரக் கண்டார்.

எல்லா அரசவையும் சீனம் போல ஏமாறத் தயாராக இருக்கவில்லை. 968இல் ஜெர்மானியப் பேரரசன் ஓட்டோவின் தூதராகக் கான்ஸ்டான்டிநோபிள் போன லியூட்பிராண்ட் பாதிரியாரை ஒழுகும் மாளிகையில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். புறப்படும்போது பெட்டியைத் திறந்து, ஏற்றுமதிக்குத் தடையான ஊதா நிறப் பட்டுத் துணிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். தூதரின் பையைச் சுங்க அதிகாரி திறக்கலாமா என்கிற வழக்கு எவ்வளவு பழையது பாருங்கள். ஊருக்குத் திரும்பிய லியூட்பிராண்ட் எழுதிய அறிக்கையில் வசவு தவிர வேறில்லை.

தூதனைத் தொடக் கூடாது என்ற விதியை எந்தப் படிப்பும் இல்லாமல் மிகக் கடுமையாக நம்பியவர்கள் மங்கோலியர்கள். 1218இல் செங்கிஸ்கான் அனுப்பிய வணிகக் கூட்டம் ஒன்று ஒத்ரார் என்ற எல்லை நகரத்துக்கு வந்தது. சுமார் 450 பேர். ஒற்றர்கள் என்று சொல்லி நகர ஆளுநன் இனால்சுக் எல்லாரையும் கொன்று சரக்கை அள்ளிக்கொண்டான். ஒற்று வேலையும் அவர்கள் பார்த்திருக்கக்கூடும்; அது வேறு விஷயம். உயிர் தப்பிய ஒட்டகக்காரன் ஒருவன் போய்ச் செய்தி சொன்னான். செங்கிஸ்கான் உடனே படை எடுக்கவில்லை. மூன்று தூதர்களை அனுப்பி ஆளுநனை ஒப்படைக்கச் சொன்னான். ஆளுநனின் அரசனான குவாரசம் ஷா அவர்களில் ஒருவனைக் கொன்று, மற்ற இருவரின் தாடியை அறுத்து அனுப்பினான். அதன் பிறகு நடந்தது உலகச் சரித்திரம்: புகாராவும் சமர்கண்டும் 1220இல் எரிந்தன, ஷா ஓடி ஓடிக் காஸ்பியன் கடல் தீவொன்றில் செத்தான்.

தூதனைத் தொட்டவன் கெட்டான் என்று இங்கே ஒரு கோடு போட்டு முடிக்க ஆசைதான். வரலாறு விடவில்லை. 1260இல் கெய்ரோவின் சுல்தான் குதுஸ் மங்கோலியத் தூதர்களைக் கொன்று தலைகளை நகர வாயிலில் தொங்கவிட்டான். சில வாரங்களில் ஐன் ஜாலுத் போரில் மங்கோலியர்களை வென்றும் காட்டினான். ஜப்பானின் ஹோஜோ தொகிமுனே 1275இல் குப்லாய்கானின் தூதர்களை வெட்டினான். 1281இல் பழிவாங்க வந்த பெருங்கடற்படையைப் புயல் விழுங்கியது. புயலும் போர்க்களமும் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல.

இதுவரை வந்த தூதர்கள் எல்லாரும் போய்ச் சேதி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியவர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற கணக்குக்குள் அடங்கியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் போகவே போகாத விருந்தாளி முளைத்தார். பின்னாளில் மிலானை ஆண்ட ஸ்ஃபோர்சா தன் ஆளாகிய நிக்கொதெமோவை 1446 முதல் ஃபுளோரன்ஸில் நிறுத்திவைத்தான். அவர் அங்கே ஏறக்குறைய இருபது ஆண்டு இருந்தார். மிலான், வெனிஸ், ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ் எல்லாம் ஒன்றையொன்று விழுங்கக் காத்திருந்த சிறு அரசுகள். காலையில் கூட்டாளி, மாலையில் எதிரி. ஆள் அனுப்பி வரவழைத்து விசாரிக்க நேரம் கிடையாது. பக்கத்து வீட்டுச் சமையலறையிலேயே ஒரு காது வேண்டும். வெனிஸ் இதைத் தொழிலாகவே ஆக்கியது. பதவி முடிந்து திரும்பும் தூதர் தான் இருந்த நாட்டின் படை, வருமானம், அரசனின் சுபாவம், அரசியின் கோபதாபம் வரைக்கும் செனட்டில் விரிவாக வாசிக்க வேண்டும். இந்த யோசனையை ஸ்பெயின் காப்பியடித்தது, பிறகு பிரான்ஸ், பிறகு இங்கிலாந்து.

நிரந்தரமாகத் தங்குபவருக்கு வீடு வேண்டும். வீட்டுக்குள் சாமி கும்பிட இடம் வேண்டும். லூதருக்குப் பிறகு ஐரோப்பா இரண்டு மதமாகப் பிளந்தபோது இது பெரிய தலைவலியாயிற்று. கத்தோலிக்கப் பூசை சட்டவிரோதமான லண்டனில், கத்தோலிக்கத் தூதர் தன் வீட்டுக்குள் பூசை நடத்தலாமா? தடுத்தால் மாட்ரிட்டில் இருக்கும் நம் ஆள் தன் வழியில் ஜெபிக்க முடியாது. ஆகவே அந்த வீட்டுக்குள் அவர் நாடே இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்ற கற்பனை மெல்லப் பிறந்தது. உள்ளூர்க் கத்தோலிக்கர்கள் விடுவார்களா? சார்டீனியத் தூதரின் சிற்றாலயத்திலும் பவேரியத் தூதரின் சிற்றாலயத்திலும் கூட்டம் நிரம்பி வழிந்தது. தூதரக மதிலுக்குள் போலீசு நுழையக் கூடாது என்ற இன்றைய விதியில் சாம்பிராணி வாசம் கொஞ்சம் இருக்கிறது. பவேரியச் சிற்றாலயம் இருந்த வாரிக் தெருவில் இன்றும் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் நிற்கிறது.

வீட்டுக்குள் ஜெபம் மட்டுமா நடக்கும்? எலிசபெத் அரசியைக் கவிழ்க்க நடந்த சதியில் ஸ்பானியத் தூதர் மெந்தோசாவுக்குப் பங்கு இருந்தது 1583 கடைசியில் அம்பலமானது. தூக்கில் போடலாமா என்று அரசவை கேட்டபோது இத்தாலியிலிருந்து அகதியாக வந்திருந்த சட்ட அறிஞர் ஆல்பெரிகோ ஜென்டிலி, கூடாது, நாட்டைவிட்டு அனுப்புங்கள், அதுவே எல்லை என்றார். 1584இல் மெந்தோசா கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டே ஜென்டிலி தூதர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இன்று ஒரு நாடு 'உங்கள் அதிகாரிகள் ஏழு பேர் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும்' என்று அறிவிக்கும்போதெல்லாம் நடப்பது மெந்தோசாவின் கப்பல் பயணம்தான்.

அந்தக் காலத்துத் தூதர்களுக்கு உயிரைவிட முன்வரிசை முக்கியமாகிவிட்டது. 1661இல் லண்டனில் ஸ்வீடன் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில் யார் வண்டி முன்னால் என்று பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் ஸ்பானியத் தூதரின் ஆட்களும் நடுத்தெருவில் வாளெடுத்தார்கள். ஸ்பானியர்கள் முன்யோசனைக்காரர்கள், குதிரைக் கடிவாள வாரை யாரும் வெட்டிவிடாதபடி உள்ளே இரும்புச் சங்கிலி கோத்திருந்தார்கள். பிரெஞ்சுக் குதிரைகள் செத்தன, ஆட்களும் செத்தார்கள், ஸ்பானிய வண்டி முன்னே போயிற்று. பதினான்காம் லூயி போர் தொடுப்பேன் என்று மிரட்டி, ஸ்பெயினை விட்டுக்கொடுக்க வைத்தான். இதற்குத் தீர்வு 1815இல் வியன்னா மாநாட்டில்தான் வந்தது: எந்த நாடு பெரிது என்ற பேச்சே வேண்டாம், ஊருக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் முன்னால் நிற்கட்டும். பேருந்து நிலைய வரிசைக்கு இருக்கிற நியாயம் பேரரசுகளுக்குப் புரிய நூற்றைம்பது ஆண்டாயிற்று.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆசாமி அந்திரேய் மத்வேயெவ். ரஷ்யாவின் மகா பீட்டர் லண்டனுக்கு அனுப்பிய தூதர். 1708 ஜூலையில் அவர் ஊருக்குப் புறப்படத் தயாராகிறார் என்று கேள்விப்பட்டதும், பாக்கி வரவேண்டிய கடைக்காரர்கள் வயிற்றைக் கலக்கியது. சரிகைப் பின்னல் விற்றவர் ஒருவர், இன்னும் சிலர். தொகை ஏதோ ஐம்பது பவுண்டு. ஜூலை 21 அன்று தெருவில் போய்க்கொண்டிருந்த தூதரின் வண்டியை ஜப்தி ஆட்கள் மறித்து, அவரைப் பலவந்தமாக இழுத்துக்கொண்டு போய்க் கடனாளிகளை அடைக்கும் விடுதியில் வைத்தார்கள். நண்பர்கள் ஜாமீன் கொடுத்து மீட்டார்கள். மற்ற நாட்டுத் தூதர்கள் தங்கள் கடைப் பாக்கிகளை நினைத்தோ என்னவோ, ஒருமித்த குரலில் கொதித்தார்கள். பீட்டர் கேட்டது எளிமையானது: சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் உடனடி மரண தண்டனை. ஆன் அரசியின் பதில் மாஸ்கோவுக்குப் புரியவே இல்லை. சட்டத்தில் இடமில்லாமல் என் குடிகளில் கடைசி ஆளைக்கூடத் தண்டிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அரசி. அதற்குப் பதிலாகப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: இனிமேல் எந்தத் தூதர் மீதும் ஜப்தியோ கைதோ செல்லாது. அந்தச் சட்டத்தை அழகான எழுத்தில் ஓவிய வேலைப்பாட்டோடு எழுதவைத்து மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 1710இல் அரசியின் தூதர் விட்வொர்த் பீட்டரின் முன்னால் நின்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்; கேட்கும்போது பீட்டரைப் 'பேரரசர்' என்றே விளித்தார். புதிதாய்ப் பிறந்த அமெரிக்கா 1790இல் தன் குற்றவியல் சட்டத்தில் இந்த ஆன் அரசி சட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து எழுதிக்கொண்டது. பிரிட்டனில் அது 1964 வரை அமலில் இருந்தது. சரிகைக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று நம்புவோம்.

ஐரோப்பாவுக்கு வெளியே இந்த விதி வேறு வேகத்தில் பயணித்தது. பெரும்பாலும் பீரங்கியோடு சேர்ந்து போனது. ஒட்டோமான் அரசு ஒரு நாட்டோடு போர் என்றால் முதல் காரியமாக அந்நாட்டுத் தூதரை ஏழு கோபுரக் கோட்டைச் சிறையில் தள்ளும். 1768இல் ரஷ்யத் தூதர் ஒப்ரெஸ்கோவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. 1829இல் டெஹ்ரானில், தஞ்சம் கேட்டு வந்த ஆர்மேனியர்களைத் தூதரகத்துக்குள் வைத்துக்கொண்டதால் ஆத்திரமடைந்த கூட்டம் ரஷ்யத் தூதரும் நாடகாசிரியருமான கிரிபயேதவைக் கொன்றது. ஷா தன் பேரனை மன்னிப்புக் கேட்க பீட்டர்ஸ்பர்க் அனுப்பினார். பேரன் கொண்டுபோன பரிசுகளில் ஒன்று 88 காரட்டுக்கு மேல் எடையுள்ள வைரம். நம் கோல்கொண்டா மண்ணில் பிறந்தது. அகமதுநகர் புர்ஹான் நிஜாம் ஷா, முகலாயர் ஷாஜகான், பாரசீகர் ஃபத் அலி ஷா என மூன்று அரசர்களின் பெயர் பொறித்தது. இன்று கிரெம்ளினில் இருக்கிறது. சீனாவின் கதையும் மன்னிப்பில் தொடங்கியதுதான். பிரிட்டிஷ் அதிகாரி மார்கரி யுன்னானில் கொல்லப்பட்டதற்கு வருத்தம் தெரிவிக்கக் குவோ சுங்டாவ் லண்டனுக்குப் போனார். அங்கேயே தங்கி 1877இல் மேலைநாட்டில் சீனாவின் முதல் நிரந்தரத் தூதரானார். 1900 ஜூனில் பெய்ஜிங் தெருவில் ஜெர்மன் தூதர் கெட்டலர் சுட்டுக் கொல்லப்பட்டார், தூதரகங்கள் 55 நாள் முற்றுகையில் கிடந்தன. அதற்குச் சீனா கொடுத்த விலை 45 கோடி டேல் வெள்ளி நஷ்ட ஈடு, ஓர் இளவரசர் ஜெர்மனி போய்க் கேட்ட மன்னிப்பு, கொலை நடந்த இடத்தில் ஒரு நினைவு வளைவு. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் சீனர்கள் வளைவைப் பெயர்த்துப் பூங்காவில் வைத்து வேறு பெயர் சூட்டினார்கள்.

இத்தனை ரத்தமும் மன்னிப்பும் கடைசியில் காகிதத்தில் ஏறியது 1961 ஏப்ரல் 18இல், மறுபடியும் வியன்னாவில். பனிப்போர் உச்சத்தில் இருந்த ஆண்டு. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழப்போகிறது. ஆனாலும் அமெரிக்காவும் ரஷ்யாவும் இந்த வியன்னா உடன்படிக்கையின் 53 பிரிவுகளில் அதிகம் மல்லுக்கட்டவில்லை. வாஷிங்டனில் ரஷ்யர்கள் இருந்தார்கள், மாஸ்கோவில் அமெரிக்கர்கள் இருந்தார்கள். இன்று உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளும் இதில் உறுப்பு. இந்தியா 1972இல் தனிச் சட்டமே இயற்றிக்கொண்டது.

எழுதிவைத்த விதிக்கு ஓட்டை தேடுவது இன்னும் எளிது. தூதரகப் பையைத் திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. பை எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை. 1964 நவம்பரில் ரோம் விமான நிலையத்தில் எகிப்தியத் தூதரகப் பெட்டி ஒன்று முனகியது. திறந்தால் உள்ளே மயக்க மருந்து கொடுத்துக் கட்டிவைத்த ஆள். 1984 ஜூலையில் லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரிய விமானத்துக்குப் போகவிருந்த மரப்பெட்டிகளில் ஒன்றுக்குள் முன்னாள் அமைச்சர் உமரு டிக்கோ நினைவிழந்து கிடந்தார். அவர் தொண்டையில் குழாய், பக்கத்தில் அவரை உயிரோடு வைத்திருக்க ஒரு மயக்கவியல் மருத்துவர். பெட்டிகள் பிழைத்திருக்கும், விதிப்படி முத்திரையும் ஆவணமும் இருந்திருந்தால். கடத்தியவர்கள் அந்தக் காகித வேலையைக் கோட்டைவிட்டதால் சுங்க அதிகாரி மூடியைத் திறக்க முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனிலிருந்த லிபியத் தூதரக ஜன்னலிலிருந்து வந்த குண்டில் இவோன் ஃபிளெட்சர் என்ற பெண் காவலர் இறந்தார். பதினோரு நாள் வெளியே காத்திருந்த போலீஸ், உள்ளே இருந்தவர்களை விமானம் ஏற்றி அனுப்பியது. திரிப்போலியில் பிரிட்டிஷ் தூதரகம் இருந்தது; கணக்கு அமர்னா காலத்துக் கணக்குதான். காவலரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சின்ன அட்டூழியங்களுக்கு நியூயார்க் போதும். 1997க்கும் 2002க்கும் இடையில் ஐ.நா.வுக்கு வந்த தூதர்கள் கட்டாமல் விட்ட பார்க்கிங் அபராதச் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், மதிப்பு 1.8 கோடி டாலர். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது முதலிடம் குவைத்துக்குப் போயிற்று. ஸ்வீடன், நார்வே, ஜப்பான் ஆட்கள் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. 2002 கடைசியில் பாக்கிதாரர்களின் வண்டிகளிலிருந்து தூதரக எண் பலகையைக் கழற்றிவிடுவோம் என்று நகராட்சி சொன்னது. அபராதப் பாக்கி சுமார் 98 சதவீதம் விழுந்தது. லண்டன் சரிகைக்காரருக்கு இந்த யுக்தி தெரியாமல் போயிற்று.

செர்க்சஸின் மண்ணிலேயே 1979 நவம்பரில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்து, 52 பேரை 444 நாள் வைத்திருந்தார்கள். சர்வதேச நீதிமன்றம் 1980 மே மாதம் ஈரானுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தூதர்களைக் காக்கும் இந்த வழக்கம் வளர்ந்ததில் இஸ்லாமிய மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்று தீர்ப்பிலேயே நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.

இந்த விதியால் மிக அதிக லாபம் அடைந்தது எந்த நாடு என்று கேட்டால், சமீப காலத்தில் ஈக்வடார் என்பேன். 2012 ஜூனில் லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் இருந்த அதன் சின்னத் தூதரகத்துக்குள் விக்கிலீக்ஸ் ஜூலியன் அசாஞ்சே நுழைந்தார். அடுக்குமாடிக் கட்டடத்தில் சில அறைகள்தான். பிரிட்டிஷ் போலீஸ் வாசலில் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் நின்றும் ஏறக்குறைய ஏழு ஆண்டு உள்ளே கால் வைக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஈக்வடாரே கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 5 இரவு, ஈக்வடார் தலைநகர் கித்தோவில் அந்நாட்டுப் போலீஸ் மெக்சிகோ தூதரகத்தின் சுவர் ஏறிக் குதித்தது. ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் துணை அதிபர் ஹோர்ஹே கிளாஸ் உள்ளே இருந்தார். சில மணி நேரம் முன்புதான் மெக்சிகோ அவருக்கு அடைக்கலம் வழங்கியிருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; தடுக்கப் போன மெக்சிகோ அதிகாரியைத் தரையில் தள்ளினார்கள். மெக்சிகோ உறவை முறித்தது, லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கண்டனம். ஏப்ரல் 11இல் மெக்சிகோ தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, தூதரக மதிலைத் தாண்டியது வியன்னா உடன்படிக்கைக்கு விரோதம் என்று. 29ஆம் தேதி ஈக்வடாரும் அதே நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டது: தண்டனை பெற்றவரை ஒளித்துவைக்கத் தூதரகத்தைப் பயன்படுத்தியதுதான் அந்த உடன்படிக்கைக்கு விரோதம் என்று.